வராத பொருளுக்குக் கட்டிய பணம்: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

தென்காசியில் இருக்கும் என் அம்மாவுக்காக இணையத்தில் வாங்கிய இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே 'டெலிவரி செய்யப்பட்டது' என்று என் கைப்பேசியில் காட்டியது. சான்றாக ஒரு படமும் இருந்தது: பச்சை டைல்ஸ் பதித்த வாசற்படி, அதன் மேல் ஓர் அட்டைப் பெட்டி, ஓரத்தில் யாருடையதோ ஒரு ஜோடிச் செருப்பு. எங்கள் வீட்டு வாசற்படி சிவப்புச் சிமென்ட் பூசியது. நான் பிறந்ததிலிருந்து அது அப்படியேதான் இருக்கிறது. "மத்தியானத்துல இருந்து திண்ணையிலதான் உக்காந்திருக்கேன், ஒருத்தரும் வரலையேப்பா" என்றார் அம்மா. விற்பனைத் தளத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கேட்டால், "எங்க சிஸ்டத்துல டெலிவர்டுன்னு காட்டுது சார், ரீஃபண்ட் போட முடியாது" என்ற பதில் வந்தது. நான் கட்டிய 5,490 ரூபாய் திரும்பி வர 41 நாள் ஆயிற்று. அவற்றில் ஏறக்குறைய பாதி நாள்கள், எந்த வழியை எப்போது எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாததால் வீணாகப் போனவை. அப்படி இன்னொருவருக்குப் போகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் இந்த நிலையில் நிற்பவருக்கு ஆறு வழிகள் உள்ளன. விற்ற நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுதலாம். பணம் செலுத்திய கார்டின் வங்கியில் தகராறு எழுப்பலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். ஏமாற்று வேலை என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். வங்கியே தன் கடமையைச் செய்யாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை சொல்ல முடியாது. பணம் எந்த வழியாகப் போனது, விற்றவர் இன்னும் இருந்த இடத்தில் இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகே வழிகளைத் தரம் பிரிக்க முடியும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது. இலவசமான, மெதுவான ஒரு வழியில் நாம் பொறுமையாகக் காத்திருக்கும்போது, வேகமான வழியின் கெடு முடிந்துவிடுகிறது. நான் பார்த்தவரை, பணத்தை இழந்தவர்களில் பலர் முறையிடாமல் இழந்தவர்கள் அல்லர். தவறான வரிசையில் முறையிட்டு இழந்தவர்கள்.

நிறுவனத்திடமிருந்தே தொடங்குவோம், ஏனெனில் மற்ற எல்லா வழிகளிலும் "முதலில் விற்றவரிடம் கேட்டீர்களா?" என்ற கேள்வி வரும். ஆனால் அரட்டைப் பெட்டியில் பேசுவதும் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுவதும் ஒன்றல்ல. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020-இன்படி, இணைய வணிக நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயர், பதவி, தொடர்பு விவரங்களைத் தன் தளத்தில் காட்ட வேண்டும். அவர் புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். புகார் கிடைத்த ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அரட்டைப் பெட்டியில் பேசுபவருக்கு இந்தக் கடமைகள் எதுவும் இல்லை. "இன்னும் 72 மணி நேரம் பொறுங்கள்" என்று அவர் சொல்லலாம். அது முடிந்ததும் வேறொருவர் வந்து அதையே மறுபடியும் சொல்லலாம். நான் இப்படிப் பதினொரு நாள் பேசினேன். பன்னிரண்டாம் நாள், தளத்தின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில் இருந்த அலுவலரின் மின்னஞ்சலுக்கு எழுதியபோதுதான் புகார் எண்ணுடன் ஒரு முறையான பதில் வந்தது. பொருள் வர வேண்டிய தேதி கடந்து மூன்று நாள் ஆகியும் நேரான பதில் இல்லையென்றால் அரட்டையை அத்துடன் நிறுத்திவிட்டு அலுவலருக்கு எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து.

இந்த வழியின் பலம், பணம் கட்டிய கணக்குக்கே எளிதாகத் திரும்பிவிடும் என்பது. பார்சல் வழியில் தொலைந்துவிட்டது என்று கூரியர் நிறுவனமே ஒப்புக்கொண்டாலோ, வீட்டில் ஆள் இல்லை என்று குறித்து விற்றவருக்கே திருப்பி அனுப்பிவிட்டாலோ இதற்கு மேல் எங்கும் போக வேண்டியிருக்காது. பலவீனம், தீர்ப்புச் சொல்பவரும் எதிர்த்தரப்பும் ஒருவரே என்பது. இங்கே இரண்டு பதில்கள் அடிக்கடி வரும். "நாங்கள் வெறும் தளம்தான், விற்றவர் வேறொருவர்" என்பது ஒன்று. அப்படியானால் விற்றவரின் தலைமை அலுவலக முகவரியையும் தொடர்பு விவரங்களையும் எழுத்து மூலம் கேளுங்கள். வாங்கியவர் கேட்டால் அவற்றைத் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. "கூரியரிடம் ஒப்படைத்துவிட்டோம், இனி எங்கள் பொறுப்பு இல்லை" என்பது மற்றொன்று. கூரியரைத் தேர்ந்தெடுத்ததும் அவருக்குக் கூலி கொடுப்பதும் விற்றவர். நமக்கும் கூரியருக்கும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அறிவித்த தேதிக்குப் பிந்திப் பொருள் வந்தாலே, தவிர்க்க முடியாத பேரிடர் காரணமாக இருந்தாலொழிய, பணத்தைத் திருப்பித் தர விற்றவர் மறுக்கக் கூடாது என்று விதி சொல்லும்போது, வரவே வராத பொருளுக்கு மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பணத்துக்குப் பதிலாகக் கூப்பனோ தளத்தின் பணப்பையில் வரவோ தருவதாகச் சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. எந்த வழியில் கட்டினோமோ அந்த வழியிலேயே பணம் திரும்ப வேண்டும், வேறு வழிக்கு வாங்கியவர் தெளிவாகச் சம்மதித்திருக்க வேண்டும் என்பது, வாங்குபவரின் பணத்தைப் பெற்று விற்பவருக்குச் சேர்க்கும் கட்டண இடைத்தரகு நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் வகுத்த நெறி. கூப்பனை ஏற்று, 'முழுத் தீர்வாக ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்திவிட்டால் பிறகு வங்கியிலும் ஆணையத்திலும் நம் நிலை பலவீனமாகிவிடும்.

பணம் கார்டு வழியாகப் போயிருந்தால், என் அனுபவத்திலும் நான் உடனிருந்து உதவிய சிலருடைய அனுபவத்திலும், மிகப் பயனுள்ள வழி வங்கியில் தகராறு எழுப்புவதே. இதை வங்கிகளில் சார்ஜ்பேக் என்பார்கள். கார்டு வழங்கிய வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலைப்பின்னலின் வழியாக விற்றவரின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கிறது. விற்றவர் தன் சான்றைக் காட்டித் தன் பக்கத்தை நிறுவ வேண்டும். மற்ற வழிகளிலெல்லாம் பொருள் வரவில்லை என்று நாம் நிரூபிக்கப் போராடுகிறோம். இங்கே பொருளைக் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் சுமை விற்றவர் மேல் விழுகிறது. டெபிட் கார்டுக்கும் இந்த வசதி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெளிநாட்டுத் தளத்தில் வாங்கிய பொருளுக்கோ இதைவிட்டால் நடைமுறையில் வேறு வழி அனேகமாக இல்லை; நம் விதிகள் இந்தியர்களுக்கு விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்துமென்றாலும், இங்கே அலுவலகமே இல்லாத ஒருவரிடம் ஓர் ஆணையை நிறைவேற்ற வைப்பது மிகக் கடினம்.

ஆனால் இதன் கெடு கண்டிப்பானது. விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி, பொருள் வர வேண்டிய தேதியிலிருந்து பொதுவாக 120 நாள். அதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. வங்கிக்குப் படிவத்தைச் சரிபார்த்து அனுப்பவும் நேரம் வேண்டும், சில வங்கிகள் தங்கள் வாடிக்கையாளருக்கு இதைவிடக் குறைந்த கெடுவையே சொல்கின்றன. பொருள் வர வேண்டிய தேதியிலிருந்து 30 நாளுக்குள் படிவம் வங்கியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. குறைதீர்ப்பு அலுவலரின் ஒரு மாதக் கெடு முடியும்வரை காத்திருந்துதான் வங்கிக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விற்றவரிடம் கேட்டோம், கிடைக்கவில்லை என்று காட்டுவதற்கு அவர்களுடைய மறுப்பு மின்னஞ்சல் ஒன்று போதும்.

இங்கே ஒரு குழியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நானே அதன் விளிம்புவரை போனேன். வங்கியின் தொலைபேசிச் சேவையை அழைத்து "பணம் போய்விட்டது, பொருள் வரவில்லை" என்றால், எதிர்முனையில் இருப்பவர் அதை மோசடிப் பரிவர்த்தனை என்று பதிந்துவிட வாய்ப்பு அதிகம். உடனே கார்டு முடக்கப்படும். சில நாள் கழித்து, "இந்தப் பரிவர்த்தனைக்கு ஓடிபி நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், எனவே புகார் நிராகரிக்கப்படுகிறது" என்று பதில் வரும். அந்தப் பதில் அந்தப் புகாருக்குச் சரியானதே. மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று பலரும் மேற்கோள் காட்டும் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, நமக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்கானது. பரிவர்த்தனை தோல்வியடைந்து பணம் திரும்பாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற 2019 செப்டம்பர் சுற்றறிக்கையும் பொருள் வராத வழக்குக்குப் பொருந்தாது. நம் விஷயத்தில் பணம் விற்றவருக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. நாம் சொல்ல வேண்டியது வேறு: "பரிவர்த்தனையை நானே செய்தேன். பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. இது வணிகத் தகராறு." இந்த மூன்று வாக்கியங்களையும் தொலைபேசியில் சொல்வதோடு நிற்காமல் எழுத்தில் கொடுத்து, 'பொருள் பெறப்படவில்லை' என்ற காரணத்தையே படிவத்தில் குறிக்க வேண்டும்.

வங்கி தற்காலிகமாகப் பணத்தை வரவு வைத்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. என் விஷயத்தில் இரண்டு வாரம் கழித்து விற்றவர் அந்தப் பச்சை வாசற்படிப் படத்தையே வங்கிக்குச் சான்றாக அனுப்பினார்; ஏழு நாளுக்குள் மறுப்பு இருந்தால் தெரிவிக்கும்படி வங்கியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் வரவு வைத்த தொகை திரும்ப எடுக்கப்பட்டிருக்கும். அம்மாவின் பக்கத்து வீட்டுத் தம்பியை எங்கள் வாசலைக் கதவு எண்ணோடு சேர்த்துப் படமெடுக்கச் சொல்லி, இரண்டு படங்களையும் ஒரே தாளில் அருகருகே வைத்து, "இது என் வீட்டு வாசல் அல்ல, ஓடிபி பெற்றதற்கோ கையொப்பம் பெற்றதற்கோ சான்று எதுவும் இல்லை" என்று எழுதி அனுப்பினேன். எட்டாம் நாள் முடிவு வந்தது. கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தகராறு நடக்கும்போது அந்தத் தொகையைக் கட்ட வேண்டாம் என்று வங்கி எழுத்தில் சொல்லாதவரை, கெடு நாளுக்குள் பில்லைக் கட்டிவிடுவதே பாதுகாப்பு; இல்லையென்றால் வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்துவிடும்.

யுபிஐ வழியாகக் கட்டியவர்களின் நிலை இவ்வளவு வலுவானதன்று. ஒரு வணிகக் கணக்குக்கோ விற்பனைத் தளத்துக்கோ பணம் போயிருந்தால், செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பொருள் கிடைக்கவில்லை என்ற காரணத்தோடு புகார் பதியலாம்; வங்கியிலும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்து எழுதலாம். ஆனால் கார்டில் போல இது பழகிப்போன பாதை அல்ல. பரிவர்த்தனை வெற்றி என்று மட்டும் சொல்லிக் கோப்பை மூடிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. ஆகவே யுபிஐ, இணைய வங்கி ஆகிய இரண்டிலும் கட்டியவர்கள் செயலியில் ஒரு பதிவைப் போட்டுவிட்டு, தங்கள் முழுக் கவனத்தையும் 1915-க்கும் தேவைப்பட்டால் ஆணையத்துக்கும் திருப்ப வேண்டும். தனிநபரின் எண்ணுக்கு யுபிஐ அனுப்பியவர்களுக்கு வங்கி வழி அனேகமாக அடைபட்டதே. அவர்களுக்கான கதவு வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

1915-ஐக் குறைத்து மதிப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். அளவுக்கு மீறி நம்புபவர்களும் இருக்கிறார்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நடத்தும் இந்தச் சேவையில் தமிழிலேயே பேசலாம். தேசிய விடுமுறை நாள்கள் தவிர எல்லா நாளும் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுக்கிறார்கள். இணையதளம், வாட்ஸ்அப், கைப்பேசிச் செயலி வழியாகவும் புகார் பதியலாம். கட்டணம் இல்லை. புகாரை அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கிறார்கள். பெரிய விற்பனைத் தளங்கள் பலவும் இந்தச் சேவையோடு நேரடி இணைப்பில் இருப்பதால், அரட்டைப் பெட்டியில் மூன்று வாரம் அசையாத கோப்பு இங்கே சில நாளில் அசைவதைப் பார்க்க முடிகிறது. ஆனால் இது வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி மட்டுமே. உத்தரவிடும் அதிகாரம் இதற்கு இல்லை. "டெலிவரி ஆகிவிட்டது" என்று நிறுவனம் இங்கேயும் பதில் எழுதிவிட்டால் புகார் முடிக்கப்படும். சிறிய, பெயர் தெரியாத தளங்கள் பதிலே தராமலும் இருக்கலாம். இருந்தாலும் இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. கிடைக்கும் புகார் எண் பின்னால் ஆணையத்தில் நல்ல ஆவணமாகிறது. எனவே இதை ஒரு தனிக் கட்டமாக வைக்காமல், குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதிய வாரத்திலேயே பதிந்துவிடலாம். வங்கித் தகராறும் இதுவும் ஒரே நேரத்தில் நடக்கலாம். இரண்டு பக்கத்திலிருந்தும் பணம் வந்துவிட்டால் உடனே வங்கிக்குத் தெரிவித்து ஒன்றைத் திருப்பிவிட வேண்டும்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் என்றதும் பலரும் பின்வாங்குவதற்குக் காரணம், அது வக்கீலும் வாய்தாவும் நிறைந்த இடம் என்ற பழைய எண்ணம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்த 2020 ஜூலை முதல் இதைப் பெருமளவு மாற்றியிருக்கிறது. இப்போது நாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும் நாம் அங்கே போக வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையக் கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதிடலாம். 2025 ஜனவரி முதல் நடப்பிலுள்ள இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக வீட்டிலிருந்தே மனுவைப் பதிவேற்றலாம். காணொலி விசாரணை கேட்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு என்பதால், எல்லாக் கதவும் மூடிய பிறகும் இந்தக் கதவு திறந்தே இருக்கும். விற்றவர் பணத்தை வட்டியோடு திருப்பித் தர உத்தரவிடுவதோடு, மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் அவரையே தரச் சொல்லும் அதிகாரம் இந்த ஆறு வழிகளுள் ஆணையத்துக்கு மட்டுமே இருக்கிறது. உத்தரவை மதிக்காத எதிர்த்தரப்புக்கு ஒரு மாதத்துக்குக் குறையாத சிறையோ 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்று சட்டத்தின் 72-ஆவது பிரிவு சொல்கிறது.

இதன் விலை நாள்கள்தாம். ஆய்வுக்கூடப் பரிசோதனை தேவைப்படாத வழக்கை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் ஓராண்டைத் தாண்டுவது சாதாரணம். அதன் பின்னும் நிறுவனம் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். அதற்கு, உத்தரவிட்ட தொகையில் பாதியை முன்னதாகக் கட்ட வேண்டும் என்பது நமக்கு ஓரளவு காப்பு. அறிவிப்புக் கிடைத்த உடனே நிறுவனத்தின் சட்டப் பிரிவு அழைத்துச் சமரசம் பேசுவதும் நடக்கிறது. 700 ரூபாய்ச் சட்டைக்கு இந்த வழியை எடுக்கச் சொல்ல மாட்டேன். 30,000 ரூபாய்க் கைப்பேசி வராமல் போய், வங்கித் தகராறும் தோற்றுவிட்டால், தயங்காமல் எடுக்கச் சொல்வேன். மனுவில் தளம், விற்றவர் ஆகிய இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஒருவர் மற்றொருவர் மேல் பழியைப் போட்டு நழுவும் வாய்ப்பு அதனால் குறையும். கடையில் மறுவிற்பனை செய்வதற்காக வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் விற்றவர் இருக்கிறார் என்ற அடிப்படையில். விற்றவரே இல்லையென்றால் வரிசை தலைகீழாக மாறும். எங்கள் எதிர்வீட்டு அக்கா, இன்ஸ்டாகிராமில் பார்த்த பக்கம் ஒன்றில் இரண்டு சுங்குடிச் சேலைகளுக்கு 3,200 ரூபாயை ஒரு தனிநபரின் எண்ணுக்கு யுபிஐயில் அனுப்பினார். "நாளைக்கு அனுப்பிடுவோம் சிஸ்டர்" என்று நான்கு முறை பதில் வந்தது. பன்னிரண்டாம் நாள் அந்தப் பக்கத்தில் அவரைத் தடை செய்துவிட்டார்கள். அதன் பிறகே அவர் என்னிடம் சொன்னார். 1930-ஐ அழைத்து, பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்துப் புகார் பதிந்தோம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவேற்றினோம். பணம் போன கணக்கில் அப்போது எதுவும் மிச்சமில்லை. 1930-இன் பயன் முழுவதும் வேகத்தில்தான் இருக்கிறது: 2021-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், புகார் வந்ததும் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை வங்கிகள் வழியாக முடக்குகிறார்கள், பணம் அங்கிருந்து எடுக்கப்படுவதற்கு முன்னால் முடக்கினால்தான் அது நமக்கு உதவும். எனவே விற்றவரின் முகவரி இல்லை, பில் இல்லை, வணிகப் பெயருக்குப் பதிலாகத் தனிநபர் பெயரில் கணக்கு, ட்ராக்கிங் எண் கேட்டால் மழுப்பல் என்ற அடையாளங்களில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே அன்றைக்கே 1930-ஐ அழைத்துவிட வேண்டும். இங்கே பொறுமை காப்பது விற்றவருக்கு மட்டுமே பயன்படும். இதற்கு மாறாக, நடப்பிலுள்ள ஒரு நிறுவனத்தின் தாமதத்துக்கு 1930-ஐ அழைப்பதில் பயன் இல்லை. அது நுகர்வோர் தகராறு என்று 1915-க்கே திருப்பிவிடுவார்கள்.

பணத்தைத் திரும்பப் பெறும் அவசரத்தில் இரண்டாம் முறை ஏமாறுபவர்களையும் நினைத்து ஒன்று சொல்ல வேண்டும். நிறுவனத்தின் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். செயலிக்குள்ளும் பில்லிலும் இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். தேடலில் முதலில் வருவது மோசடிக்காரரின் எண்ணாக இருக்கலாம். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னாலோ, பணம் வருவதற்கு யுபிஐ பின் எண்ணைப் போடச் சொன்னாலோ அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. விற்றவர் மீதான புகாரை அவர் கேட்க மாட்டார். தகராறுப் படிவத்தை வங்கி வாங்க மறுத்தாலோ, கெடு முடியும்வரை கிடப்பில் போட்டாலோ, நம் பதிலைப் பார்க்காமல் வரவைத் திரும்ப எடுத்தாலோ, முதலில் வங்கிக்கு எழுதி 30 நாள் காத்திருந்து, பதில் இல்லாவிட்டால் அல்லது பதில் திருப்தி தராவிட்டால் அவரிடம் இணையவழியில் இலவசமாகப் போகலாம்.

ஆகவே என் வரிசை இது. கார்டில் கட்டியிருந்தால் மூன்றாம் நாள் குறைதீர்ப்பு அலுவலர், அதே வாரம் 1915, பதினைந்தாம் நாளுக்குள் நேரான முடிவு வராவிட்டால் வங்கித் தகராறு, அதுவும் தோற்றுத் தொகையும் பெரிதாக இருந்தால் ஆணையம். வணிகக் கணக்குக்கு யுபிஐயில் கட்டியிருந்தால் முதல் இரண்டும் அப்படியே; ஒரு மாதம் முடிந்ததும் ஸ்பீட் போஸ்டில் ஓர் அறிவிப்புக் கடிதம், பிறகு ஆணையம். தனிநபருக்கு அனுப்பியிருந்தால் 1930, பிறகு காவல் நிலையம். பொருள் வந்ததும் காசு கொடுக்கும் முறையில் வாங்கியவருக்கு வராத பொருளால் பண இழப்பு இல்லை என்பதால், அறியாத கடையில் முதன்முறை வாங்கும்போது அதையே நான் தேர்ந்தெடுக்கிறேன். அந்த வசதி இல்லாத இடத்தில் கார்டில் கட்டுகிறேன்.

எந்த வழியானாலும் கையில் இருக்க வேண்டியவை இவையேதான்: ஆர்டர் உறுதி மின்னஞ்சல், பில், வாக்களித்த டெலிவரி தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், ட்ராக்கிங் பக்கம், பணம் போனதற்கான வங்கிக் குறிப்பு, நிறுவனத்துடன் நடந்த எழுத்துப் பரிமாற்றம். டெலிவரி தேதியைப் பணம் கட்டிய அன்றைக்கே படமெடுத்துவிட வேண்டும். தளத்தில் அது பிறகு மாறிக்கொண்டே இருக்கும். வங்கிக்கு நான் எழுதிய கடிதத்தைக் கீழே தருகிறேன். விவரங்களை மாற்றி யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

"ஐயா, என் கார்டின் வழியாக இந்தத் தேதியில் இந்த நிறுவனத்துக்கு 5,490 ரூபாய் செலுத்தினேன். பரிவர்த்தனையை நானே செய்தேன். வாக்களித்த தேதி கடந்தும் பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. நிறுவனம் காட்டும் டெலிவரிப் படம் என் முகவரிக்குரியது அன்று. என் வீட்டு வாசலின் படத்தை இணைத்துள்ளேன். பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் மறுத்த மின்னஞ்சலும் இணைப்பில் உள்ளது. இதை 'பொருள் பெறப்படவில்லை' என்ற காரணத்தின் கீழ் வணிகத் தகராறாகப் பதிந்து, புகார் எண்ணையும், விற்றவர் தரும் சான்றுகளின் நகலையும், அவற்றுக்கு நான் பதில் தர வேண்டிய கடைசி நாளையும் எனக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."